லாபம் என்று ஓர் இடம்

திருச்சுழி
18.1.2024

மருமகன் விஜயபாண்டிக்கு அத்தை முனீஸ்வரி எழுதுவது. கஞ்சி குடித்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி. போனில் கூப்பிட்டால் “மீட்டிங்குல இருக்கேன் அத்தை” என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. பதிலும் காகிதத்திலேயே போடு.

ஜோதிகாவின் ஆஸ்டல் சாமான்களை நீ பார்சல் போட்டது நேற்று வந்தது. துணிமணி, ஒரு நோட்டு, டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸை நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் திறந்தேன். காய்ச்சலில் படுத்த அன்று அவள் சாப்பிடாமல் வைத்த சோறு. ஐம்பது நாள் சோறு. என்ன நிறத்தில் இருந்தது, என்ன நெளிந்தது என்று எழுத மாட்டேன். மகள் செத்ததற்கு அழுகைதான் வந்தது. நேற்றுத்தான் வாந்தி வந்தது. பக்கத்து வீட்டு சுப்பம்மாள் “தூக்கி எறிங்க மதினி” என்றாள். சாம்பல் போட்டு நாலு தரம் விளக்கினேன். நாற்றம் போகவில்லை. கூடவே வேலை பார்த்த அத்தை மகள் சாமானை ஒரு தரம் திறந்து பார்க்க உனக்குக் கை வரவில்லையா?

இருக்கட்டும். கேட்க வந்தது வேறு. தீபாவளிக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள். தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் ஓடுகிற சி மொழிக்கு ஒரு லைப்ரரி செய்கிறீர்களாம். புரோகிராம் என்பது ஃபைலில் எழுதியே பழகியதாம். பெட்டி சின்னது, அதில் ஃபைல் வைக்க இடம் கிடையாதாம். அதனால் மெமரியிலேயே கொஞ்சம் இடம் பிடித்துக் கொடுத்து, இதுதான் ஃபைல், எழுது என்று சொல்லிவிடுவதாம். எழுத எழுத இடத்தை வளர்த்துக்கொண்டே போக வேண்டுமாம்.

“அப்ப ஏமாத்து வேலையாடி?” என்று கேட்டேன்.

“ஏமாத்துதாம்மா. ஆனா யாருக்கும் கெடுதல் இல்ல. அந்தப் பகுதி பூராம் நான் ஒருத்தி எழுதுனது. தலைப்புல ‘எழுதியவர்’னு என் பேரு இருக்கும்” என்றாள்.

அவள் பேர் அங்கே இருக்கிறதா? அதை மட்டும் சொல். எனக்கு அவள் போட்டோவும் அந்தப் பேரும்தான் மிச்சம்.

அத்தை முனீஸ்வரி


சென்னை
5.2.2024

அன்பு அத்தைக்கு வணக்கம். நான் இங்கு சுகம். தாங்கள் பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடவும்.

பார்சலைக் கட்டியது ஆஸ்டல் வார்டன். நான் பணம் கட்டி அனுப்ப மட்டும் செய்தேன். இருந்தாலும் வருந்துகிறேன்.

தாங்கள் கேட்டது பற்றி. இந்தத் துறையில் எந்த வேலையும் ஒருவர் செய்வதில்லை. பத்துப் பேர் சேர்ந்து செய்வது. பேர் என்பதெல்லாம் பெரிய விஷயமாக யாரும் பார்ப்பதில்லை. ஜோதிகா ஆரம்பித்த வேலை நல்லபடியாக முடிந்து பெட்டிகளில் ஓடுகிறது. அதுவே அவளுக்குப் பெருமை.

அந்த நோட்டு தங்களுக்கு எந்த விதத்திலும் பயன்படாது. கூரியரில் எனக்கு அனுப்பிவிட்டால் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும்.

அன்புடன்
விஜயபாண்டி


திருச்சுழி
12.2.2024

மருமகனுக்கு அத்தை எழுதுவது. மாத்திரை சாப்பிடுகிறேன். உன் அப்பா உக்கிரபாண்டி அண்ணனுக்கு மூட்டுவலி என்று கேள்விப்பட்டேன். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்.

பேர் இருக்கிறதா என்று கேட்டேன். நீ பத்துப் பேர் என்று எழுதினாய். போன ஞாயிற்றுக்கிழமை ஜோதிகாவின் ரூம்காரி சுபலட்சுமி வந்தாள். அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண், உங்கள் அலுவலகத்தில்தான் சோதித்துப் பார்க்கிற வேலை செய்கிறாள். வந்தவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு, போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

“அம்மா, சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. எழுதியவர்னு விஜயபாண்டி சார் பேருதான் இருக்கு.”

நான் அவளை உட்காரவைத்து மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதையே சொன்னாள்.

ஏனப்பா? செத்துப்போன பிள்ளை காதில் கிடந்த கம்மலைக் கழற்றுகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஊரே அவர்களைக் காறித் துப்பும். நீ கழற்றியது கண்ணுக்குத் தெரியாதது, அதனால் யாரும் துப்பவில்லை. சின்ன வயதில் என் வீட்டில் வளர்ந்தவன், முறைப் பையன். பாடையில் ஒரு கை பிடித்தவனும் நீதான். அந்தக் கையாலேயே அவள் பேரை அழித்தாயா?

பேரைத் திருப்பிப் போடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. நோட்டைத் தர மாட்டேன். எனக்குப் பயன்படாது என்று நீ எப்படிச் சொல்கிறாய்?

முனீஸ்வரி


சென்னை
14.6.2024

அன்பு அத்தைக்கு வணக்கம். நான்கு மாதமாகப் பதில் எழுத முடியாத அளவுக்கு வேலை. மன்னிக்கவும். வெயில் கடுமை என்று அப்பா சொன்னார். மோர் நிறையக் குடிக்கவும்.

ஒரு நல்ல செய்தி. ஜோதிகாவின் கம்ப்யூட்டர் கணக்கை அலுவலகத்தில் மூடியபோது அவள் வேலை எல்லாம் என் பேருக்குத் தானாக மாறியிருக்கிறது. அதைக் கவனித்து, அலுவலகத்தில் பேசி, இப்போது அவள் பேரையே போட வைத்துவிட்டேன். முதல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மேலிருந்து மூன்றாவது வரியில் இங்கிலீஷில் அவள் பேர் இருக்கிறது.

இனி தாங்கள் மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அன்புடன்
விஜயபாண்டி


திருச்சுழி
20.6.2024

கண்ணு விஜயபாண்டிக்கு அத்தை ஆசீர்வாதம். நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

மூன்றாவது வரியைச் சுப்பம்மாள் பேத்தி விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். கண்ணாடி போட்டு நானும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அந்தத் தாளைப் பிரேம் போட அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். கடைக்காரர், “என்னம்மா இது, படமும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் எழுத்தா இருக்கு?” என்றார். “எம்மக எழுதுனது” என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ, கண்ணாடியை நல்லதாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.

உன்னைக் கம்மல் கழற்றுகிறவன் என்று எழுதிவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. பெற்ற வயிறு எரியும்போது வாய் என்ன பேசுகிறது என்று தெரியாது. வரும்போது குதிரைவாலி இரண்டு படி குத்தித் தருகிறேன். உனக்கு ஆவணியில் நிச்சயம் என்று அண்ணன் சொன்னார். சந்தோஷம். மூத்தவளாக முன்னால் நிற்க முடியாது, ஓரமாக வந்து நிற்பேன்.

உன் அத்தை
முனீஸ்வரி


சென்னை
1.7.2024

ஜோதிகா அம்மாவுக்கு சுபலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கால் வீக்கம் குறைந்ததா? போனில் சொல்லப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பிரேம் போட்டதாகச் சொன்னபோது உண்மையைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பேர் எப்படி வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மே மாதக் கடைசியில் நாங்கள் கொடுத்த பெட்டிகளில் நூற்றுக்கணக்கானவை கெட்டுப்போயின. பெட்டியில் வீட்டு எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரிந்தது. எல்லாப் பெட்டியிலும் இல்லை. எழுதுகிற எழுத்து, பிடித்த இடம் முழுவதையும் சரியாக நிரப்பும்போது மட்டும் கெடுகிறது. எழுத்து முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பூஜ்யம் வைக்க வேண்டும். அதற்கு இடம் விடாததால் அது பக்கத்து இடத்தில் போய் விழுந்து அங்கே இருந்ததை அழிக்கிறது. தப்பு அந்த மெமரி ஃபைல் பகுதியில்தான்.

ஜூன் 12 அன்று அந்தப் பகுதியில் பேர் மாறியது. 13 அன்று மீட்டிங். “இதை எழுதினது ஜோதிகா. இறந்தவங்களைக் குறை சொல்ல மனசு வரல. நான் சரிபண்ணித் தர்றேன்” என்று விஜயபாண்டி சார் சொன்னார். எல்லாரும் அவரைப் பெரிய மனசு என்றார்கள்.

ஆனால் அம்மா, ஜோதிகா எழுதும்போது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவள் இடம் விட்டிருந்தாள். அதற்கு labam என்று பேர் வைத்திருந்தாள். சனவரியில் நடந்த மீட்டிங்கில் பெங்களூர் அதிகாரி அது என்ன என்று கேட்டார், சார் ஏதோ சொல்லி அதை எடுத்துவிட்டார். லாபம் என்றால் வியாபார லாபம்தானே? அது ஏன் அங்கே வந்தது என்று எங்கள் வீட்டிலும் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. நோட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் மகள் மாதிரி
சுபலட்சுமி


திருச்சுழி
6.7.2024

விஜயபாண்டிக்கு.

பிரேமைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நல்லது நடந்தவரைக்கும் உன் பேர். நாறின அன்றைக்கு என் மகள் பேர். நான் அதற்கு உனக்கு நூறு வயசு வாழ்த்து எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். நினைத்தால் என் எச்சிலே எனக்குக் கசக்கிறது. நீ அதைப் படித்துச் சிரித்தாயா? இல்லை, சாப்பிட்டுக்கொண்டே படித்தாயா?

நோட்டு எனக்குப் பயன்படாது என்றாய். பயன்பட்டது. நவம்பர் 9 என்று தேதி போட்ட பக்கம். ஆறு கட்டம் வரிசையாகப் போட்டிருக்கிறாள். ஐந்து கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்து. ஆறாவதில் ஒரு சுழி. சுழிக்குக் கீழே தமிழில் எழுதியிருக்கிறாள்: “இதுதான் லாபம். எண்ணிக்கையில் வராது. ஆனால் இடம் வேண்டும். எடுத்தால் அடுத்தவன் இடத்தில் போய் விழும்.”

சுபலட்சுமி தறி வீட்டுப் பிள்ளை, அவளுக்குத் தெரியாது. களத்தில் குதிரைவாலி அளக்கும்போது முதல் மரக்காலை நாம் ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்றுதான் சொல்லிப் போடுவோம். அப்புறம் ரெண்டு, மூணு. ஜோதிகா ஏழாவது படிக்கும்போது சாக்கு வாயைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஏம்மா, ஒண்ணுன்னு சொன்னா என்ன?”

“ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னுரும்டி.”

“அப்ப அந்த மரக்கா கணக்குலயே வராதா?”

“வாய்ல வராது. சாக்குல இருக்கும்ல, கழுத!”

தீபாவளிக்கு வந்தபோது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “கம்ப்யூட்டர்லயும் நம்ம லாபம் இருக்கும்மா. வாயில சொல்ல மாட்டாக, ஆனா இடம் விடணும்” என்றாள். அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது உன் புண்ணியத்தில் விளங்கிவிட்டது.

என் மகள் அந்த இடத்தைத் தெரிந்துதான் விட்டிருக்கிறாள். நீ தெரியாமல் எடுத்தாயா, தெரிந்து எடுத்தாயா?

முனீஸ்வரி


சென்னை
18.8.2024

அத்தைக்கு,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

எனக்குத் தெரியும் அத்தை. லாபம் என்றால் என்ன என்று தெரியும். ஜோதிகாவுக்கு முன்னால் உங்கள் களத்தில் சாக்குப் பிடித்தவன் நான்தானே.

அவள் போனதும் அவள் எழுதியதை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி என் பேரில் ஏற்றினேன். தானாக மாறவில்லை. அந்தப் பகுதியை முடித்தவருக்கு மேலே ஒரு பதவி இருந்தது. சனவரி மீட்டிங்கில் பெங்களூர் அதிகாரி அந்தச் சொல்லைப் பார்த்து, “என்ன இது, லாபமா? எங்கே, எனக்கும் பங்கு உண்டா?” என்று சிரித்தார். இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். களத்துமேட்டில் சொல்கிற வார்த்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் எழுதியதாகத்தானே அவர்கள் நினைக்கிறார்கள்? கூசிவிட்டது. எழுத்துப்பிழை என்று சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே அந்த வரியை அழித்தேன். அந்த இடம் எதற்கு என்று யோசிக்கவில்லை. வார்த்தையை மட்டும்தான் பார்த்தேன்.

இப்போது வேறு ஒரு பேரில் அந்த இடத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பெட்டிகள் சரியாகிவிட்டன. யாருக்கும் நஷ்டம் இல்லை. வருகிற மாதம் பன்னிரண்டாம் தேதி நிச்சயம். பெண் வீட்டார் அலுவலகத்தில் விசாரிக்கிறார்கள். அதுவரை அந்த நோட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

விஜயபாண்டி


திருச்சுழி
22.8.2024

விஜயபாண்டிக்கு.

தெரியாமல் எடுத்தேன் என்று நீ பொய் எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது. தெரிந்திருக்கிறது. அந்தக் களத்துக் குதிரைவாலியைத் தின்று வளர்ந்த உடம்பு, அந்த வார்த்தையைச் சொல்லக் கூசியிருக்கிறது. திருடுவதற்குக் கூசவில்லை. செத்தவள் மேல் பழி போடக் கூசவில்லை.

யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எழுதுகிறாய். ஜோதிகா யாரும் இல்லையா? செத்தவள்தானே, எவ்வளவு ஏற்றினாலும் சுமப்பாள், எழுந்து வந்து கேட்க மாட்டாள் என்று இருந்துவிட்டாய். உங்கள் அலுவலகத்தில் இன்றைக்கு ஒரு புதுப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால் அவளிடம் என்ன சொல்வார்கள்? ஜோதிகா என்று ஒருத்தி இருந்தாள், இடம் விடத் தெரியாமல் எழுதிக் கெடுத்தாள் என்பார்கள். அதை நான் பொறுக்க வேண்டும், உன் நிச்சயம் முடியும்வரைக்கும்!

நோட்டைக் காட்ட வேண்டாம் என்றாய். திருச்சுழியில் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து சுபலட்சுமிக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். வருகிற இரண்டாம் தேதி திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் கொடுப்பாள். “எனக்கு வேல போனாலும் பரவால்லம்மா” என்று போனில் சொன்னாள். அவள் வேலைக்கு ஒன்றும் வராமல் பார்ப்பது உன் கையில் இருக்கிறது.

அதற்கு முன்னால் நீயே போ. அந்தப் பெங்களூர்க்காரர், அந்த ஏழு பேர், அத்தனை பேரையும் உட்காரவைத்துச் சொல். லாபம் என்று வாயைத் திறந்து சொல். அதற்கு அர்த்தம் என்ன என்று சொல். எங்கே படித்தாய், யார் களத்தில் படித்தாய் என்று சொல். அழித்தது நான் என்று சொல். நீ கூசிய வார்த்தையை நீதான் அங்கே சொல்ல வேண்டும், சுபலட்சுமி அல்ல.

முனீஸ்வரி


சென்னை
3.9.2024

அத்தைக்கு,

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். அதே ஏழு பேர். மரக்காலில் ஆரம்பித்தேன். பாதியில் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். “இதைவிடச் சரியான பேர் இதற்கு இல்லை” என்றார். அன்றைக்கே நான் இதைச் சொல்லியிருக்கலாம்.

labam என்ற பேரிலேயே வரி திரும்ப வந்துவிட்டது. தலைப்பில் ஜோதிகா பேர். அதற்குக் கீழே குறிப்பு: இந்த இடத்தை 2024 சனவரியில் நீக்கியவர் விஜயபாண்டி, மே மாதப் பிழை அதனால் வந்தது, எழுதியவர் மேல் தவறு இல்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சுபலட்சுமிக்கு ஒன்றும் வராது. என்னைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நிச்சயம் தள்ளிப்போயிருக்கிறது.

ஒரு நாள் வந்து தங்கள் காலில் விழ வேண்டும். வரட்டுமா?

விஜயபாண்டி


திருச்சுழி
9.9.2024

விஜயபாண்டிக்கு.

தாள் வந்தது. சுபலட்சுமி நேற்று வந்து வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். மேலே என் மகள் பேர் இருக்கிறது. கீழே நீ செய்தது இருக்கிறது. இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. நான் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வராதே. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் என்றால் ஆறிவிடும், எத்தனையோ கோபம் ஆறியிருக்கிறது. நீ பாடையில் பிடித்த கையையும் அழித்த கையையும் சேர்த்து நினைக்கும்போது வயிற்றைப் புரட்டுகிறது. இது ஆறுகிற ஜாதியா என்று எனக்குத் தெரியவில்லை. காலில் விழுந்தால் உனக்கு லேசாகிவிடும். எனக்குக் காலைக் கழுவத் தோன்றும்.

கல்யாணம் உனக்கு நடக்கட்டும், அதைக் கெடுக்கிறவள் நான் இல்லை. அந்தப் பெண்ணிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு.

நேற்று சுபலட்சுமிக்குக் குதிரைவாலிச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்தேன். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திக் கேட்டாள்.

“விஜயபாண்டி சார மன்னிச்சிட்டீங்களாம்மா?”

“சாப்பிடுற நேரத்துல அந்தப் பேச்ச எடுக்காத தாயி” என்றேன்.

இப்படிக்கு
ஜோதிகாவின் அம்மா